வாகை இலையும் வெண்ணூலும்

ஐப்பசி பிறந்தால் தமிழகத்தில் மழையும் மணமும் ஒருங்கே வருகின்றன. மண்டப வாயிலில் தெர்மோகோல் வளைவு நிற்கிறது. பிளாஸ்டிக் பூக்கள் தொங்குகின்றன. மேடைக்குப் பின்னே வண்ண விளக்குகள் சுழல்கின்றன. வந்தவர் வியக்கின்றனர். ஆனால் மணமகளின் தாயோ தமையனோ அத்தையோ அவற்றுள் ஒன்றையேனும் தம் கையால் செய்தவர் அல்லர். அனைத்தும் வாடகைக்கு வந்தவை. மறுநாள் விடியுமுன் வேறொரு மண்டபத்துக்கு வண்டியேறுபவை. என்றும் இப்படித்தான் இருந்ததா? நம் பழம்பாட்டுகளைக் கேட்போம்.

அகநானூற்றில் 86ஆம் பாட்டும் 136ஆம் பாட்டும் மணக்காட்சியை விரித்துரைப்பவை. முன்னது நல்லாவூர் கிழார் பாடியது. பின்னது விற்றூற்று மூதெயினனார் பாடியது. இரண்டிலும் பேசுபவன் தலைவனே. தன் மணநாளை எண்ணிப் பார்த்துச் சொல்கிறான். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த வீட்டில் என்னென்ன இருந்தன? வரிசையாகக் கால் நட்ட பெரிய பந்தல் இருந்தது. எங்கிருந்தோ சுமந்து வந்த மணல் தரையில் பரப்பப்பட்டிருந்தது. வீட்டில் விளக்கு ஏற்றினார்கள், மாலை தொங்கவிட்டார்கள், உழுந்து கலந்து குழைய வேகவைத்த சோற்றை ஊருக்கு இட்டார்கள். விடியற்காலையில் முதிய பெண்கள் தலையில் குடமும் கையில் அகன்ற புதிய கலமும் ஏந்தி, ஆரவாரத்தோடு வந்தார்கள். பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் கூடி நின்று, மணமகளை வாழ்த்தி நீராட்டினார்கள். நீரோடு சொரிந்த பூவிதழும் நெல்மணியும் அவள் கூந்தலில் தங்கி நின்றன. மணம் முடிந்தது!

136ஆம் பாட்டு காட்டும் அணி இன்னும் எளியது. வாகை மரத்தின் பிளவுபட்ட இலையை எடுத்தார்கள். கன்று மேய்ந்த பள்ளத்தில், இடியோடு வந்த முதல் மழைக்கு முளைத்த அறுகம்புல்லின் குளிர்ந்த முகையை எடுத்தார்கள். இரண்டையும் வெண்ணிற நூலில் சேர்த்து மணமகளுக்குச் சூட்டினார்கள். பொன் இல்லை, முத்து இல்லை. ஊர்ப்புறத்து மரமும் மாட்டுக்கன்றின் மேய்ச்சல் நிலமும் தந்தவற்றை ஒரு பெண்ணின் கை கோத்தது, அதுவே மணவணி. மழை பெய்த பின் நிலம் எதைத் தந்ததோ அதையே சூடினார்கள் என்பதைக் கருதுக.

அந்த மக்கள் நாள் பார்க்காதவர்கள் என்று நாம் சொல்லவில்லை. திங்கள் உரோகிணியைச் சேர்ந்த நாளைத் தேர்ந்தார்கள், கடவுளைப் பேணினார்கள். பாட்டில் உள்ளதை மறைப்பது வரலாறு ஆகாது. ஆயினும் ஒன்று தெளிவு. அப்பாட்டுகளில் வேள்வித் தீ இல்லை. மந்திரம் ஓதுவோர் இல்லை. நீராட்டியவரும் வாழ்த்தியவரும் பெண்களே. அணிசெய்த கையும் மணத்தை நடத்திய கையும் ஒரே குடும்பத்துக் கைகள்.

பின்னர் எழுந்த சிலப்பதிகாரத்துக்கு வருவோம். அங்கே மணமக்கள் புகார் நகரத்துப் பெருவணிகர் மக்கள். யானை மீது பெண்களை ஏற்றி நகரெங்கும் மணச்செய்தி அறிவிக்கிறார்கள். மணித்தூண் நிறுத்திய மண்டபம், நீலப்பட்டு விதானம், முத்துப் பந்தல்! முதிய பார்ப்பான் மறைவழி காட்ட, கோவலன் கண்ணகியோடு தீவலம் வருகிறான். மணலும் வாகையிலையும் எங்கே போயின? செல்வம் பெருகிய இடத்தில் அணி விலைக்கு வந்தது. சடங்கும் பிறர் கைக்குப் போயிற்று. இளங்கோவடிகளின் சொல்லழகைப் போற்றுவோம். ஆனால் அந்த மண்டபத்தில் உறவினரின் வேலை பெரும்பாலும் பார்ப்பதாகவே சுருங்கிவிட்டதையும் குறித்துக்கொள்வோம்.

எனினும் எளிய வீடுகளில் கைவேலை அழியவில்லை. தென்னங்கீற்றுப் பந்தல், குலை தள்ளிய வாழை, மாவிலை, குருத்தோலைத் தோரணம், அரிசிமாக் கோலம் ஆகியவை தொடர்ந்தன. பழமை என்பதற்காக எல்லாவற்றையும் புகழ நாம் ஆயத்தமாக இல்லை. மாலை கட்டுவது ஒரு சாதியின் வேலை, பறை முழக்குவது மற்றொரு சாதியின் வேலை என்று பிரித்து வைத்த சமுதாயம், வேலையை வாங்கிக்கொண்டு, வேலை செய்தவனைப் பந்தியில் உடன் அமர்த்த மறுத்தது. அந்த அணியின் அழகுக்குள் அந்த இழிவும் இருந்தது.

1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அதன்பின் ஊர்தோறும் அம்முறை பரவிற்று. மணமக்கள் உறுதிமொழி கூறி மாலை மாற்றினர்; அவ்வளவே. ஆனால் 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் இத்தகைய மணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. எத்தனை பெண்களின் வாழ்வும் பிள்ளைகளின் உரிமையும் அந்தரத்தில் நின்றிருக்கும்! 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்துக்குத் திருத்தம் நிறைவேற்றிற்று; 1968 சனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. முன்பு நடந்தவையும் செல்லும் என்றது அச்சட்டம். உற்றார் நண்பர் முன்னிலையில் மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்பதாகத் தமக்குப் புரிந்த மொழியில் சொல்லலாம், அல்லது மாலையோ மோதிரமோ அணிவிக்கலாம், அல்லது தாலி கட்டலாம். ஏதேனும் ஒன்று போதும். அதாவது, ஒரு மாலை சட்டத்தின் கண்ணில் திருமணமே ஆகிவிட்டது.

அந்த மாலையைக் கடையில்தான் வாங்க வேண்டுமா? மேடை அலங்காரத்துக்கென்றே கடன் வாங்கி, மகள் மறுவீடு வருமுன் வட்டி கட்டத் தொடங்கும் தந்தையரை நாம் அறிவோம். ஐப்பசி மணத்துக்கு நிலமே நிறையத் தருகிறது. மழையிலும் பனியிலும் மல்லிகை குறையும், விலை ஏறும். அதைத் தேடி அலைய வேண்டாம். சாமந்தி இருக்கிறது, கோழிக்கொண்டை இருக்கிறது, மருக்கொழுந்து இருக்கிறது. செண்டுமல்லியும் இருக்கிறது. பழந்தமிழர் பூ என்று அதை எண்ணுவோர் உண்டு. அது மெக்சிகோ நாட்டுச் செடி, 1492இல் கொலம்பஸ் கடல் கடந்த பிறகே உலகின் இப்பக்கம் வந்தது. அதனால் என்ன? நம் மண்ணில் பூப்பது நமக்கும் பூவே.

வாழைப்பட்டையிலிருந்து உரித்த நாரை நீரில் நனைத்துக் கட்ட வேண்டும். காய்ந்த நார் முறியும். மாலையை மணநாளின் முந்திய இரவு கட்டி, ஈரத்துணியில் சுற்றி வைக்கலாம். குருத்தோலையை அன்று காலையிலேயே வெட்டி மடிப்பது நன்று. வெயில் பட்டால் சுருண்டுவிடும். வாசற்கோலத்தை மழை அழிக்கும், ஆகவே பந்தலுக்கு உள்ளே போடுக. ஆண்களும் நார் உரிக்கட்டும், மணமகனும் உட்கார்ந்து பூத் தொடுக்கட்டும். அண்டை வீட்டாரை, எந்தச் சாதியினராயினும், அழைத்து உடன் அமர்த்துக. வேலை முடிந்ததும் அவர்களோடு ஒரே பந்தியில் உண்க. வாகை மரம் இன்றும் நம் சாலையோரங்களில் நிற்கிறது. ஐப்பசி மழைக்கு அறுகு முளைக்கத் தவறுவதில்லை. நூல் மட்டுமே கடையில் வாங்க வேண்டியது.