‘எனக்கு வேணும்’

மொழி அறியாத ஊரில் ஆராதனைக்குப் போய், பிறர் எழும்போது எழுந்து நின்றிருக்கிறீர்களா? நம் கயத்தாற்றுக்குத் தென்கிழக்கேயுள்ள முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியாரோ, அறியாத மொழியில் ஜெபம் நடத்தவே வேண்டியிருந்தது. அவருடைய தாய்மொழி பாஸ்கு. இருமொழி அறிந்தோரைக் கூட்டி ஜெபங்களைத் தமிழாக்குவித்து, மனப்பாடம் செய்து, கைமணி அடித்துத் தெருத்தெருவாய்ப் பரதவரை அழைத்தார்.

அதில் ஒரு பிழை நேர்ந்தது. விசுவாசப்பிரமாணத்தில் ‘விசுவாசம்’ என வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்றிருந்தது. 1544-இல் உடனூழியர் மான்சில்லாசுக்குக் கடிதம் எழுதி அவரே அதைத் திருத்தினார். திருத்தம் சரியே. ஆனால் அவ்வாண்டு ஜூனில் வடுகர் படைக்கு அஞ்சி, குமரிமுனைப் பாறைகளில் பசியோடும் தாகத்தோடும் ஒளிந்திருந்த கிறிஸ்தவர்கள், பழைய சொல்லையும் பொய்யாகச் சொல்லியிருக்கமாட்டார்கள்.