இணையத்தின் வாயிற்காவல்: ஒரு வரலாற்று நோக்கு

காவலை நாடுவோர் காவலனுக்கு அதிகாரத்தையும் வழங்கிவிடுகின்றனர் என்பது அரசியல் வரலாறு கற்பிக்கும் பாடமாகும். இணையத்தின் குறுகிய வரலாறும் இதற்கு விலக்கன்று.

2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் யாகூ, ஈபே, அமேசன், சீ.என்.என். ஆகிய வலைத்தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. பல கணினிகளிலிருந்து பொய்யான வேண்டுகோள்கள் ஒரே வேளையில் குவிக்கப்பட்டமையே காரணம். இதனைச் செய்தவன் கனடாவின் மொன்றியல் பகுதியைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன். பெருநிறுவனங்களின் நிலையே இதுவாயின், சிறிய தளங்களின் கதி யாது?

இவ்வினாவிற்கு விடையளிக்க முற்பட்ட சேவைகளுள், ஐக்கிய அமெரிக்காவில் 2009இல் நிறுவப்பெற்று 2010இல் பொதுப் பாவனைக்கு வந்த கிளவுட்பிளேயர் குறிப்பிடத்தக்கது. தளத்திற்கும் அதனை நாடுவோருக்கும் இடையில் இதன் கணினிகள் நிற்கின்றன. வேண்டுகோள்கள் முதலில் இவற்றையே வந்தடையும். ஐயத்துக்குரியவை தடுக்கப்பட, ஏனையவை உட்செல்லும்.

இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. 2013 மார்ச்சில் குப்பை மின்னஞ்சல்களைக் கண்காணிக்கும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின்மீது பெருந்தாக்குதல் தொடுக்கப்பட்டபோது, பல நகரங்களிலுள்ள தன் நிலையங்களுக்கு அச்சுமையைப் பகிர்ந்து இச்சேவை அதனைத் தாங்கிற்று. 2014 முதல் பத்திரிகையாளர், மனித உரிமை அமைப்புகள் முதலியோரின் தளங்களுக்கு இலவசக் காவலும் வழங்கலாயிற்று.

எனினும், பலருக்கும் ஒரே வாயில் அமைந்தால், அவ்வாயில் அடைபடும்போது அனைவருமே அடைபடுவர். 2019 யூலை 2ஆம் திகதி, வடிகட்டும் விதியொன்றிலிருந்த பிழையால் எண்ணற்ற தளங்கள் ஏறத்தாழ அரைமணி நேரம் முடங்கின. 2025 நவம்பர் 18ஆம் திகதி எக்ஸ், சற்ஜிபிரி போன்ற பெருந்தளங்களும் பாதிப்புற்றன. எதிரியன்றிக் காவலனின் தவறே இவ்விரு வேளைகளிலும் கேடு விளைத்தது. மேலும், வடிகட்டுவதற்கு உள்ளடக்கத்தைக் காணவேண்டியிருத்தலால் அந்தரங்கமும் காவலன் கைக்குச் செல்கின்றது. இந்நிறுவனத்தின் கணினிகளிலிருந்து பிறர் தரவுகள் கசிந்தமை 2017 பெப்ரவரியில் வெளிப்பட்டது.

இவற்றினும் ஆழமானது தீர்ப்பளிக்கும் உரிமை பற்றிய பிரச்சினையாகும். 2017 ஓகஸ்டில் நாஸிக் கொள்கை பரப்பிய தளமொன்றிற்கான காவலை நிறுவனத் தலைவர் மத்தியூ பிரின்ஸ் நீக்கினார். அத்தளத்திற்காக இரங்குவார் சிலரே. ஆயினும், இத்தகைய அதிகாரம் எவரிடமும் இருத்தலாகாதென அவரே ஒப்புக்கொண்டமை நோக்கற்பாலது. அதற்கு முந்திய ஆண்டில், பிறிதொரு நிறுவனமான அகமாய், இணையக் குற்றங்களை ஆராய்ந்தெழுதிய பிரையன் கிரெப்ஸ் என்னும் பத்திரிகையாளருக்கு வழங்கிய இலவசக் காவலை, தாக்குதலைத் தாங்கும் செலவு மிகுந்தமையால் கைவிட்டது. கூகிளின் சேவை முன்வந்த பின்னரே அவர் தளம் மீண்டது. வெறுப்பைப் பரப்பியோனும் உண்மையை எழுதியோனும் தனியார் முடிவொன்றினாலேயே வெளியில் நிறுத்தப்பட்டனர்.

ஆகவே, காவல் வேண்டாமென்பது பேதைமை. அது எத்தகைய காவல் என்று வினவாதிருப்பதும் பேதைமையே. வாயில்கள் பலவாதலும், காவலன் ஒழுகும் விதிகள் யாவரும் அறியக் கிடத்தலும், நீக்கப்பட்டோர் முறையிட வழியிருத்தலும் இன்றியமையாதன. அவை இல்லாதவிடத்து, தாக்குவோனுக்கு அஞ்சிய நாம் காப்போனுக்கும் அஞ்ச வேண்டியவராவோம்.