செயலி நேரக் கணக்கில் கழிந்த இலக்கங்கள்

ஒரு நிரல் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்தியது என்று கேட்டால், லினக்ஸ் இயங்குதளம் இரண்டு எண்களைத் தருகிறது. ஒன்று, நிரல் தன் சொந்தக் கட்டளைகளை இயக்கிய பயனர் நேரம். மற்றொன்று, அதன் பொருட்டுக் கெர்னல் உழைத்த நேரம். ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகளில் இரண்டையும் அளவீடுகள் என்றே அச்சிடுகிறோம். ஆனால் பரவலாகப் பயன்படும் கெர்னல் அமைப்பில் துல்லியமாக அளக்கப்படுவது அவற்றின் கூட்டுத்தொகை மட்டுமே. அத்தொகை இரண்டாகப் பிரிக்கப்படுவது மதிப்பீட்டினால். அம்மதிப்பீட்டுக்குரிய ஒற்றைச் சூத்திரம் பலமுறை திருத்தப்பட்ட வரலாறு, எண்களைக் கொண்டு வாதிடும் அனைவரும் அறியத்தக்கது.

1970களின் யூனிக்ஸில் முறை எளிமையானது. பிடிபி-11 கணினியின் கடிகாரம் நொடிக்கு 60 முறை துடிக்கும். துடிக்கும் கணத்தில் செயலி பயனர் நிலையில் இருந்தால் அக்கணக்கில் ஒன்று கூடும். கெர்னல் நிலையில் இருந்தால் மற்றக் கணக்கில் ஒன்று கூடும். இது அளவீடு அன்று, மாதிரியெடுப்பு. இரு துடிப்புகளுக்கு இடையில் ஓடி முடிந்த வேலை எக்கணக்கிலும் சேராது. இக்குறையை மெக்கேன், டோரெக் ஆகிய இருவரும் 1993இல் எடுத்துக்காட்டி, துடிப்பின் இடைவெளியைச் சீரற்றதாக்கும் வழியை முன்வைத்தனர். 2007இல் ட்சாஃப்ரிர், எட்சியன், ஃபைட்டெல்சன் ஆகியோர், ஒவ்வொரு துடிப்புக்கும் சற்று முன் உறங்கிவிடும் நிரல், சிறப்புரிமை ஏதுமின்றியே, கணக்கில் படாமல் செயலியை ஏறத்தாழ முழுவதும் கைப்பற்றலாம் என நிறுவினர்.

அதே 2007 அக்டோபரில் வெளிவந்த லினக்ஸ் 2.6.23, இங்கோ மோல்னார் எழுதிய புதிய ஷெட்யூலரைக் கொண்டிருந்தது. ஒவ்வொரு பணியும் ஓடிய மொத்த நேரத்தை அது நானோநொடியில் பதிவு செய்தது. மொத்தம் துல்லியமாயிற்று, பிரிவு மட்டும் பழைய மாதிரிகளையே நம்பி நின்றது. இரண்டையும் பொருத்த விகிதச் சூத்திரம் ஒன்று வந்தது. இன்றைய வடிவில் அது இதுதான்: கெர்னல் மாதிரிகளை மெய்யான மொத்த நேரத்தால் பெருக்கி, எல்லா மாதிரிகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். மிதவைப்புள்ளிப் பதிவகங்களைக் காத்து மீட்பது செலவு மிக்கது என்பதால், கெர்னல் இதை முழுஎண்களிலேயே செய்கிறது.

இடர் இங்கேதான் தொடங்குகிறது. நான்கு இலக்கம் மட்டுமே கொள்ளும் கணிப்பான் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கெர்னல் மாதிரி 300, மெய்யான மொத்தம் 930, மாதிரிகளின் கூட்டுத்தொகை 900. சரியான விடை 310. ஆனால் இடையில் வரும் பெருக்கற்பலன் 2,79,000. கடைசி நான்கு இலக்கமான 9000 மட்டும் எஞ்சும். 900ஆல் வகுத்தால் 10. விடை சிறியது, இடைநிலை எண்ணோ கொள்கலனை மீறியது. கெர்னலின் கொள்கலன் 64 பிட். பெருக்கப்படும் இரண்டும் 2இன் 32ஆம் அடுக்கை எட்டினால் அது வழியும். நானோநொடியில் அது வெறும் 4.3 நொடி, நொடிக்கு 1000 துடிப்பு என்னும் அலகில் ஏறத்தாழ 50 நாள். பல இழைகளின் நேரம் ஒரே கணக்கில் கூடும் பெரிய இயந்திரங்களில் அந்த 50 நாளும் நெடுங்காலம் அன்று.

2013இல் ஃப்ரெடெரிக் வைஸ்பெக்கர் ஈவையும் மீதியையும் பிரித்துக் கணக்கிட்டு வழிதலின் வாய்ப்பைக் குறைத்தார். முற்றாக நீக்க இயலவில்லை. அதே ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் வகுத்த வழிமுறையை ஸ்தானிஸ்லாவ் க்ருஷ்கா கெர்னலில் சேர்த்தார். எண்கள் கொள்கலனுக்குள் அடங்கும்வரை அவற்றின் கடைசி பிட்டுகளைக் கழித்துவிடுவதே அவ்வழி. நம் கணிப்பானில் 930, 900 இரண்டும் 9 ஆகின்றன, விடை 300. முன்பு 310க்குப் பதில் 10 வந்தது, இப்போது 300. பெரும்பிழை நீங்கியது, சிறுபிழை தங்கியது.

அச்சிறுபிழை சார்புப் பிழை. எண் வளர அதுவும் வளரும். 2017இல் இக்கணக்குகள் முழுவதும் நானோநொடிக்கு மாறியபோது எண்கள் இன்னும் பெரிதாயின. மொத்தம் 930இலிருந்து 980 ஆனாலும் இலக்கம் கழிந்தபின் 9தான். ஆகவே கெர்னல் நேரம் அசையாது நிற்க, கூடியதெல்லாம் பயனர் நேரத்தில் சேரும். பின்னர் ஒரே தாவலில் நிலை மாறும். வரைபடத்தில் இது ரம்பப் பற்களாகத் தெரியும். 2020இல் ஒலெக் நெஸ்டெரோவின் திருத்தம் இதை மாற்றியது. 64 பிட் எண்கள் இரண்டைப் பெருக்கி வகுக்கும் பொதுச் செயற்கூறு ஒன்று வந்தது. எக்ஸ்86-64 செயலிகளில் அது 128 பிட் இடைநிலைப் பலனை வன்பொருளிலேயே பெறுகிறது.

எல்லாச் செயலிகளுக்கும் அவ்வசதி அமையவில்லை. அவற்றுக்கான பொது வடிவம் தோராயமாகவே இருந்தது. அதனால் அரிதாகக் கெர்னல் நேரம் மொத்தத்தையே விஞ்சியது. மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால் குறை எண். குறியற்ற முழுஎண்ணில் அதுவே 584 ஆண்டுகளை நெருங்கும் பயனர் நேரமாகக் காட்சியளித்தது. பகுதி முழுமையை மிஞ்சலாகாது என்னும் வரம்பு 2024இல் தனியே எழுதிச் சேர்க்கப்பட்டது.

கவனிக்க வேண்டியது ஒன்று. இத்திருத்தங்கள் அனைத்தும் வகுத்தலைச் செம்மையாக்கின. வகுக்கப்படும் மாதிரிகளை அல்ல. ஒன்பது இலக்கம் வரை சரியாக வகுத்தாலும், துடிப்புகளுக்கு நடுவே ஒளிந்த வேலை வெளிப்படாது. கெர்னலுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் நேரம் குறிக்கும் அமைப்பும் லினக்ஸில் உண்டு. அதற்குரிய விலை, ஒவ்வொரு நுழைவிலும் கூடுதல் சுமை.

எனவே மாணவ நண்பர்கள் தம் அட்டவணையில் மொத்த நேரத்தை அளவீடு என்றே எழுதலாம். பயனர், கெர்னல் பிரிவை எழுதும்போது எந்தக் கெர்னல் பதிப்பு, எந்தச் செயலி, எந்தக் கணக்கு முறை என்பதையும் உடன் குறிப்பிடுங்கள். ஓட்டம் மிகக் குறுகியதாயின் அப்பிரிவின் மீது முடிவெதையும் எழுப்பாதீர்கள். மதிப்பீட்டை மதிப்பீடு என்று பெயரிட்டு அழைப்பதும் துல்லியத்தின் ஒரு பகுதியே.