விருப்பாச்சி: ஒரு ராணிக்கு அடைக்கலம் கொடுத்த எல்லை ஊர்

பழனி பஞ்சாமிர்தம் சாப்பிட்டிருப்பீங்க. அதுல போடுற மலைவாழைக்கு விருப்பாச்சிப் பழம்னு பேரு. விருப்பாச்சிங்கிறது ஒரு ஊர். ஒட்டன்சத்திரம் தாண்டி பழனி போற வழியில, மலை அடிவாரத்துல இருக்கு. கொடைக்கானல் போறப்ப நம்மள்ல பல பேர் அதைக் கவனிக்காம கடந்திருப்போம். 1772ல, அதாவது கொடைக்கானல்ல முதல் பங்களா வர்றதுக்கு 73 வருஷம் முன்னாடி, இந்த ஊர் ஒரு நாட்டோட அகதிகளுக்கு அடைக்கலம் கொடுத்துச்சு.

என்ன நடந்துச்சு? ஆற்காடு நவாப் முகமது அலி, சிவகங்கைச் சீமை தனக்குக் கப்பம் கட்டணும்னு சொன்னார். அவருக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கிளம்புச்சு. 1772 ஜூன்ல முதல்ல ராமநாதபுரம் விழுந்தது. அடுத்து சிவகங்கை. ஜூன் 25ஆம் தேதி காளையார்கோவில்ல நடந்த தாக்குதல்ல மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். சிவகங்கை நவாப் கைக்குப் போச்சு. ஊர் பேரையே உசேன் நகர்னு மாத்தினாங்க.

ராணி வேலு நாச்சியார், மகள் வெள்ளச்சி, அமைச்சர் தாண்டவராய பிள்ளை, மருது சகோதரர்கள் எல்லாரும் தப்பிச்சுக் கிளம்பினாங்க. ராணி போன வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்ததால உடையாள்னு ஒரு பெண்ணை வெட்டினாங்கன்னு சிவகங்கைப் பக்கம் ஒரு கதை இருக்கு. கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோவில்ல அந்தக் கதை இன்னிக்கும் உயிரோட இருக்கு.

சரி, ஏன் விருப்பாச்சி? இன்னிக்கு ரோட்டுல போனாலே சுமார் 150 கிலோமீட்டர். நடுவுல இருக்கிற மதுரை எதிரி கையில. ஆனா திண்டுக்கல் மைசூர் ஹைதர் அலி கையில இருந்துச்சு. பழனி மலை அடிவாரப் பாளையங்கள் அந்த எல்லைக்குள்ள வந்துச்சு. அதைத் தாண்டிட்டா, கம்பெனி துரத்தி வந்தா மைசூரோடயே போர் மூளும். விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் அவங்களை ஏத்துக்கிட்டார்.

1772 டிசம்பர்ல தாண்டவராய பிள்ளை ஹைதருக்குக் கடிதம் எழுதினார். 5,000 குதிரை வீரர்கள், 5,000 காலாட்படை வேணும்னு கேட்டார். ஹைதர் பாதுகாப்பு கொடுத்தார். படை மட்டும் உடனே வரலை. வருஷம் எட்டு ஓடிப்போச்சு. கடிதம் எழுதின பிள்ளையும் இடையில இறந்துட்டார்.

1780ல ஹைதர் கம்பெனி மேல ரெண்டாம் மைசூர் போரைத் தொடங்கினார். அதே வருஷம்தான் வேலு நாச்சியார் மைசூர் உதவியோட சிவகங்கையை மீட்டாங்க. இது தற்செயல் இல்லை. அகதியோட நியாயம் 1772லயும் அதேதான். அடைக்கலம் கொடுத்தவருக்கும் அந்தச் சண்டை தேவைப்பட்டப்பதான் அகதி வீடு திரும்ப முடிஞ்சுது. இன்னிக்கு உலகச் செய்திகளைப் பாருங்க, இது ரொம்பப் பழைய கதையாத் தெரியாது.

நாம பொதுவா ராணி ஜெயிச்சதோட கதையை முடிச்சிடுவோம். அந்த எல்லை என்ன ஆச்சு? 1792 ஸ்ரீரங்கப்பட்டினம் ஒப்பந்தத்துல திப்பு சுல்தான் திண்டுக்கல், பழனிப் பகுதிகளைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். 1799ல திப்புவும் போயிட்டார். கோபால நாயக்கர் மத்த பாளையக்காரர்களைச் சேர்த்துக்கிட்டு எதிர்த்தார். 1800 ஜூன்ல கோயம்புத்தூர்க் கோட்டையைப் பிடிக்கப் போட்ட திட்டம் தோத்துச்சு. 1801ல அவரைத் தூக்குல போட்டாங்க. திண்டுக்கல் கோபாலசமுத்திரக் குளக்கரையிலதான்னு ஊர்ல சொல்றாங்க.

அதே வருஷம் காளையார்கோவில் மறுபடி விழுந்தது. 1772ல தப்பிச்ச மருது சகோதரர்கள் இந்த முறை காட்டுல பதுங்கினாங்க, பிடிபட்டாங்க. அக்டோபர் 24ல திருப்பத்தூர்ல தூக்கு. அவங்க தாண்டிப் போக ஒரு திண்டுக்கல் எல்லை அப்ப இல்லை. கதவைத் திறக்க ஒரு கோபால நாயக்கரும் இல்லை.

அடுத்த தடவை கொடைக்கானல் டிரிப்ல பழனி வழியா வந்தீங்கன்னா, விருப்பாச்சியில ஒரு அஞ்சு நிமிஷம் வண்டிய நிறுத்துங்க. பழமும் வாங்கிக்கலாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.