தொழிலைச் சொல்லாத பெயர்கள்

இரத்தக் குழாய்களில் குடியிருக்கும் சிஸ்டோசோமா என்னும் புழுவினால் வரும் நோய்க்குப் பெயர்கள் பல. 1851-இல் கெய்ரோவில் அதன் ஓர் இனத்தைக் கண்டறிந்த தியோடர் பில்ஹார்ஸின் பெயரால் அது பில்ஹார்சியா ஆயிற்று. ஜப்பானில், ஹிரோஷிமா மாகாணத்துச் சிறு குன்றொன்றின் பெயரால் கதயாமா நோய். யமனாஷி மாகாணத்தின் கோஃபு சமவெளியில் ‘சிஹோபியோ’, அதாவது வட்டார நோய். மருத்துவர், குன்று, வட்டாரம் எனப் பலவும் பெயராயின. சேற்றில் நின்று நாற்று நட்டவரைக் குறிக்கும் சொல் இவற்றுள் ஒன்றிலும் இல்லை.

உழவரைக் கண்டு எழுதிய மருத்துவரும் உண்டு. 1847-இல் கதயாமா பகுதியின் ஃபுஜீ, வயல்நீரில் இறங்கியோர் கால்களில் தடிப்பும் தாங்கவொண்ணா அரிப்பும் தோன்றுவதையும், பின்னர் வயிற்றுப்போக்கு கண்டு, கைகால் மெலிந்து, மகோதரம் முற்றுவதையும் ஒரே நோயின் படிநிலைகளாகப் பதிவு செய்தார். கால்நடைகளும் தப்பவில்லை. அரக்குமரப் பால் ஏற்றிய படகொன்று முன்னொரு காலத்தில் அங்கே கவிழ்ந்ததே காரணம் என்பது ஊர் வழக்கு. (அந்தப் பால் தோலில் பட்டாலே அரிக்கும்.) இக்கதையை மூடநம்பிக்கை என ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கேடு நீரில் உள்ளது, தோல்வழி ஏறுகிறது என்ற அவதானிப்பு அதனுள் இருக்கிறது.

ஆய்வுலகம் அங்கு வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. கோஃபு பகுதியின் உழவர்குடிப் பெண் சுகியாமா நாகா, தாம் இறந்தபின் உடலை அறுத்து நோயின் காரணத்தைக் காணுமாறு வேண்டிக்கொண்டார். பிணத்தை அறுப்பதற்கு மக்கள் அஞ்சிய காலம் அது. 1897-இல் அவர் உடலில் அதுவரை அறியப்படாத புழுமுட்டைகள் காணப்பட்டன. 1904-இல் கட்சுரடா ஒரு பூனையின் உடலில் புழுவையே கண்டெடுத்தார். ஆயினும் அது உடலுள் புகுவது வாய்வழியா, தோல்வழியா என்ற வழக்கு நீடித்தது. உழவருக்கு இது வெறும் ஏட்டு வழக்கன்று. வாய்வழி என்றால் நீரைக் காய்ச்சிக் குடிக்கலாம். தோல்வழி என்றால் நடவையே கைவிட வேண்டும். 1909-இல் மாடுகளைக் கொண்டு செய்த சோதனைகள் தோல்வழியே என்று காட்டின.

1913-இல் மியாஈரியும் சுஸுகியும் புழுவின் இளம்பருவம் வளரும் நத்தையைக் கண்டுபிடித்தனர். அதன்பின் நத்தையே இலக்காயிற்று. ஊரார் அதைக் குச்சிகளால் பொறுக்கினர்; சுண்ணாம்பு தூவினர்; அது ஒட்டி வாழ்ந்த மண்கரை வாய்க்கால்கள் சிமென்ட் பூசப்பட்டன. 1996-இல் நோய் ஒழிந்தது என யமனாஷி அறிவித்தபோது, அந்நெல்வயல்களில் பல பீச், திராட்சைத் தோட்டங்களாக மாறிவிட்டிருந்தன.