கல்லைக் காட்டியவர் யார்?

சென்னை அரசு அருங்காட்சியகம் 1914-இல் ஒரு பட்டியலை நூலாக வெளியிட்டது. இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அரை நூற்றாண்டுக் காலம் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த கற்கருவிகளும் பானையோடுகளும் மாவட்டவாரியாக அதில் வருகின்றன. சேலம் மாவட்டத்துப் பக்கங்களில் சேர்வராயன் மலையில் கிடைத்த கற்கோடரிகள் உண்டு. எண் இருக்கிறது, கருவியின் வகை இருக்கிறது, கிடைத்த இடம் இருக்கிறது. அந்த இடம் சில பதிவுகளில் ஒரு காபித் தோட்டத்தின் பெயர்; சிலவற்றில் மலையின் பெயரோடு சரி. எனக்கு வேண்டியிருந்தது அதைவிடத் துல்லியமான முகவரி.

காரணம், மலையேற்றம் நடத்தும் நண்பர் ஒருவர். பெருவில் இன்கா வழித்தடத்தில் நடந்துவிட்டு வந்தவர், அதே சூட்டில் ஏற்காட்டிலும் அப்படியொன்றை அமைக்க ஆசைப்பட்டார். வழிகாட்டியோடு மூன்று நாள் நடை, இரவில் மலையூர்களில் தங்கல், போகும் வழியெல்லாம் தொல்லியல் இடங்கள். "சேர்வராயன் மலையில் என்னென்ன பழைய இடம் இருக்குன்னு ஒரு மேப் போட்டுக் கொடுங்க, போதும்" என்றார்.

இன்கா வழித்தடத்துக்கு ஒரு வசதி உண்டு. நான்காம் நாள் காலை, நடந்து களைத்தவர் கண்முன் மச்சு பிச்சு சுவரும் படிக்கட்டுமாக விரிந்து நிற்கும். சேர்வராயன் மலையில் அப்படி எதிரே வந்து நிற்கும் நகரம் கிடையாது. பகோடா பாயின்ட்டில் அடுக்கப்பட்ட கற்குவியல்கள் உண்டு. உச்சியில், 1,600 மீட்டருக்கு மேல், குகைக்குள் சேர்வராயன் கோயில் உண்டு. ஆனால் இந்த மலையின் ஆகப் பழைய தடயம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். புதிய கற்காலத்துக் கோடரி அது. மச்சு பிச்சு கட்டப்பட்டுச் சுமார் 600 ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கோடரிகளின் காலமோ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையது. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பு புழங்கிய காலமே பொ.ஆ.மு. 2172 வரை பின்னோக்கிப் போகிறது என்று 2022-இல் அறிவித்தார்கள். அப்படியென்றால் கல்லைத் தேய்த்துக் கூராக்கியவர்களின் காலத்தை இன்னும் பின்னுக்குத் தள்ளித்தான் யோசிக்க வேண்டும்.

ஆகவே, கோடரி கிடைத்த இடங்களைப் புள்ளிகளாகக் குறித்து, புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் வழித்தடம் தயார் என்று கணக்குப் போட்டேன். அந்தப் புள்ளிகளைத்தான் பட்டியல் தர மறுத்தது.

ஆளைப் பிடித்தால் இடத்தைப் பிடிக்கலாம் என்று ஃபூட்டின் பின்னால் போனேன். 1834-இல் பிறந்தவர், 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் பிறந்தநாளாக அதைத்தான் சொல்வார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கும் அவரும் அத்திரம்பாக்கத்தை அடைந்தார்கள். பிற்பாடு சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்து, 15 லட்சம் ஆண்டுப் பழமையை நிறுவிய இடம் அது. கிங்கும் ஃபூட்டும் சேர்ந்து சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு பகுதிகளின் பாறை அமைப்பைப் பற்றி எழுதிய அறிக்கை 1864-இல் வந்தது. ஆக, சேலத்து மலைகள் அவருக்கு இளமையிலேயே பழக்கம்.

ஏற்காடோ அவருக்கு உறவு வழியிலும் ஊர். 1862-இல் அவர் மணந்தது பீட்டர் பெர்சிவலின் மகளை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய அதே பெர்சிவல். சென்னையில் 'தினவர்த்தமானி' நடத்தியவர். 1874-இல் 6,000-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு தொகுத்து வெளியிட்டவர். 1882-இல் ஏற்காட்டில்தான் காலமானார். ஃபூட்டும் 1891-இல் ஓய்வு பெற்று, பரோடா, மைசூர் அரசுகளுக்காக வேலை பார்த்த பின் ஏற்காட்டில் குடியமர்ந்தார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தாலும், அவருக்கான நினைவுக்கல் ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். ஃபூட் தம் சேகரிப்பை 1904-இல் சென்னை அரசுக்கு விற்றார். பட்டியல் 1914-இலும், அதற்கான குறிப்புகள் அடங்கிய இரண்டாம் நூல் 1916-இலும் அச்சேறின. இரண்டுமே அவர் இறந்த பிறகு. "ஐயா, இந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது?" என்று யாராவது கேட்க நினைத்தபோது, பதில் சொல்ல அவர் இல்லை.

மாமனார், மருமகன் இருவரும் சேகரிப்பாளர்கள். ஒருவர் சேர்த்தது சொல், மற்றவர் சேர்த்தது கல். யார் வாயிலிருந்து கேட்டது என்று பெர்சிவல் குறிக்கவில்லை. அதனால் பழமொழிக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. அது யார் வாயிலும் குடியிருக்கும். கல்லின் கதை வேறு. எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டால், அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி போய்விடும்.

அடுத்து, ஃபூட்டைச் சுற்றியிருந்தவர்களின் எழுத்துகள். ஏற்காட்டில் வாழ்ந்த மருத்துவர் ஜான் ஷார்ட் தென்னிந்திய மலைத்தொடர்களைப் பற்றி எழுதிய வரிசை. சேலத்துப் பாதிரியார் மாரிஸ் ஃபிலிப்ஸ் மாவட்டத்து ஈமச்சின்னங்களைத் தோண்டிப் பார்த்து 1873-இல் எழுதிய கட்டுரை. லெ ஃபானுவின் 1883-ஆம் ஆண்டு மாவட்டக் கையேடு. ரிச்சர்ட்ஸின் 1918-ஆம் ஆண்டு கெசட்டியர். ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டியதில் ஒரு முறை பிடிபட்டது. தகவல் தந்தவர்கள் என்று பெயர் பெறுபவர்கள் தோட்டத்துரைகள், பாதிரிமார்கள், அதிகாரிகள். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காபியைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு காடு அழிந்து தோட்டம் பரவியது. செடிக்குக் குழி வெட்ட வெட்ட, மண்ணுக்குள் இருந்தவை மேலே வந்திருக்கும். மண்வெட்டி பிடித்த கைக்குக் கிடைத்தது, தோட்டத்துரை பெயரில் பதிவானது. நான் புரட்டிய பக்கங்களில் கல்லைக் கண்டெடுத்த மலையாளி ஒருவரின் பெயர்கூட எனக்குத் தட்டுப்படவில்லை. (மலையாளி என்றால் இங்கே கேரளத்தவர் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்று வழிவழியாகச் சொல்லும் மலைவாழ் பழங்குடியினர்.)

பெருவிலும் இதே கதைதான். ஹிராம் பிங்கம் 1911 ஜூலை 24 அன்று மச்சு பிச்சுவை 'கண்டுபிடித்தார்'. அவரை மேலே கூட்டிப்போனவர் மெல்ச்சோர் ஆர்தேகா என்ற விவசாயி; கூலி ஒரு வெள்ளிக்காசு. மேலே போனால் அங்கே குடும்பங்கள் பயிர் வைத்துக்கொண்டிருந்தன. ஒரு சுவரில் லிசாராகா என்ற பெயரும் 1902 என்ற ஆண்டும் கரியால் எழுதியிருந்தன. தமக்கு முன்னே வந்தவர் அவர்தான் என்று பிங்கம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஆனால் உலகம் படித்த கதையில் அந்தப் பெயர் மங்கிப்போய்விட்டது. அங்கிருந்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போன பொருட்கள் 2011, 2012-இல்தான் பெருவுக்குத் திரும்பின. பெரு குறைந்தபட்சம் ஆர்தேகாவின் பெயரையாவது காப்பாற்றி வைத்திருக்கிறது. சேர்வராயன் மலையின் ஆர்தேகாக்கள் யார்?

காகிதம் கைவிட்ட இடத்தில் மலையேறினேன். ஏற்காட்டு மலையாளிகள் தங்கள் ஊர்களைச் சேலநாடு, மூட்டநாடு, மோகநாடு என்று பிரித்துச் சொல்வார்கள். அதிலொரு நாட்டைச் சேர்ந்த பெரியவர் எனக்கு வழிகாட்டியாக வந்தார். காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்த தோட்டத்தைத் தாண்டி, ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம்.

ஒரு மரம் வந்ததும் நின்றார். "செருப்ப இங்கயே விட்ருங்க சார். அந்தா, பிள்ளையார் இருக்காரு."

கட்டடம் கிடையாது. மூன்று பக்கமும் கல் நட்டு, மேலே ஒரு பலகைக்கல். உள்ளே அச்சில் வார்த்த பிள்ளையார் யாரும் இல்லை. சாய்த்து வைத்த கற்கோடரிகள். எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்து, மஞ்சள் குங்குமத்தோடு. கிட்டத்தில் குனிந்து பார்த்தேன். முக்கோண உருவம், ஒரு முனை குறுகி மழுங்கியிருக்கிறது, எதிர்முனை விரிந்து அரைவட்டமாக முடிகிறது. உடம்பெல்லாம் கொத்திக் கொத்திச் சமப்படுத்திய புள்ளிகள். விளிம்பில் மட்டும் இரண்டு விரற்கடை அகலத்துக்குக் கண்ணாடி போலத் தேய்ப்பு. ஒரு கோடரியின் ஓரம் தெறித்திருந்தது. எண்ணெய் ஏறாத அந்த இடத்தில் கல்லின் உள்நிறம் தெரிந்தது. நுண்ணிய துகள்கள், பச்சை கலந்த சாம்பல் நிறம். பார்வைக்கு டோலரைட்.

அந்தச் சிறு தெறிப்பு எனக்கு ஒரு சாட்சி. சேர்வராயன் மலையின் உடம்பு பெரும்பாலும் சார்னோக்கைட் பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்ட கல்லை ஆராய்ந்து, 1893-இல் ஹாலந்து என்ற நிலவியலாளர் வைத்த பெயர் அது. பருத்த துகள்கள் கொண்ட பாறை. கூர்விளிம்பு தேய்க்கத் தோதுப்படாது. டோலரைட்டோ, பாறைப் பிளவுகளில் உருகிப் புகுந்து சுவர் சுவராக உறைந்தது. தர்மபுரிப் பக்கத்துச் சமவெளியில் தாராளமாக உண்டு. கீழேயிருந்து யாரோ தூக்கிவந்த கல் என்பதற்கே வாய்ப்பு அதிகம். அப்படியானால் முதல் மலையேற்றம் கோடரியோடு நடந்திருக்கிறது.

"இதெல்லாம் எங்க கெடச்சது?" என்று கேட்டேன். ஒவ்வொன்றாகக் காட்டினார். "இது எங்க பாட்டன் மேல்காட்டுல ஏர் ஓட்டையில வந்தது. இது ஓடைக்கு அந்தாண்ட, சாமை வெதைக்கிற எடம். இந்தச் சின்னது எங்க சித்தப்பா தோட்டத்துல குழி எடுக்கையில. ஊட்டுக்குக் கொண்டாரக் கூடாது சார், சாமிகிட்டத்தான் வெக்கணும்."

சென்னையில் தேடிக் கிடைக்காத முகவரி மரத்தடியில் வாய்மொழியாக இருந்தது. எந்த நிலம், எந்த வேலையின்போது, யார் கையில். ஒரு அருங்காட்சியகப் பதிவேட்டுக்கு வேண்டிய மூன்று தகவலும் அதில் அடக்கம். பழைய ஆய்வாளர்களும் இந்த வழக்கத்தை அறியாதவர்கள் இல்லை. 1860 வாக்கில் வட இந்தியாவின் டோன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ரயில்வே பொறியாளர் லெ மெசூரியர் பார்த்த கற்கோடரிகளும் மரத்தடியில் மகாதேவராகப் பூசை பெற்றுக்கொண்டிருந்தவைதான். அவர்கள் அதை மூடநம்பிக்கைக் கணக்கில் வைத்தார்கள். என் பார்வையில் அது சேகரிப்பு. கண்ட பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, பொது இடத்தில் வைக்க வேண்டும், எங்கே கிடைத்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இந்த மூன்று விதியும் சென்னை அருங்காட்சியகம் 1851-இல் தொடங்குவதற்கு எவ்வளவோ முன்பே மலையில் நடப்பில் இருந்திருக்கலாம்.

ஆக, ஃபூட் தொகுப்பில் உள்ள சேர்வராயன் மலைக் கோடரிகளில் சிலவாவது மூன்று முறை இடம் மாறியவையாக இருக்கும்: செய்தவரோடு மலைக்கு, மண்ணிலிருந்து கோயிலுக்கு, கோயிலிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்கு. முதல் இரண்டு நகர்வையும் சொல்லத் தெரிந்த ஒருவர் மூன்றாவது நகர்வின்போது பக்கத்திலேயே நின்றிருப்பார். அவரிடம் ஒரு கேள்வி கேட்டு ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

நண்பரின் வழித்தடத்துக்கு வருகிறேன். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ பலரைப் பலிவாங்கிய பிறகு, தமிழகத்தில் மலையேற்றத்துக்கு வனத்துறை விதிகள் இறுகின. 2024-இல் அரசே 40 தடங்களை அறிவித்து, உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பழக்கியிருக்கிறது. இன்கா வழித்தடத்திலும் வழிகாட்டி இல்லாமல் யாரும் நுழைய முடியாது. நாளொன்றுக்கு 500 பேர்தான், அதில் சுமைதூக்குபவர்களும் அடக்கம். பிப்ரவரியில் பாதை மூடிவிடும். இந்தக் கட்டுப்பாடுகள் நமக்கும் பொருந்தும். ஆனால் அங்கே இல்லாத ஓர் ஆபத்து இங்கே உண்டு. மச்சு பிச்சுவின் சுவரை யாரும் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது; கற்கோடரியைப் போடலாம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. ஆனால் பூட்டில்லாத மரத்தடிக் கோயிலுக்குக் காவல், ஊராரின் பயபக்தி மட்டும்தான்.

அதனால் நான் வரைந்து கொடுத்த வரைபடத்தில் கோயில்களைக் காட்டும் புள்ளிகள் இல்லை. குப்பனூர்ப் பக்கம் ஏறி, பகோடா பாயின்ட் வழியாகச் சேர்வராயன் உச்சிக்குப் போகும் பாதையும், ஒவ்வொரு நாட்டிலும் எந்த ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் கேட்க வேண்டும் என்பதும் மட்டுமே இருக்கின்றன. அவர்கள் காட்டினால் பார்க்கலாம். வேண்டாம் என்றால் நடையைக் கட்ட வேண்டும். நண்பருக்கு முதலில் ஏமாற்றம்தான். பிறகு, வழிகாட்டிக் கூலியைத் திட்டத்தின் முதல் செலவாக வைக்க ஒத்துக்கொண்டார்.

கூடவே ஒரு படிவமும் கொடுத்தேன். கல்லை அசைக்காமல், அங்கேயே வைத்து நிரப்ப வேண்டியது. ஒரு நகல் ஊரில் இருக்கும், ஒரு நகல் தொல்லியல் துறைக்குப் போகும். முதல் வரி காட்டியவர் பெயர், இரண்டாவது வரி கிடைத்த நிலம். நீளம், அகலம், வகை எல்லாம் அதற்குக் கீழே.