பழிதீர்க்கும் வாத்து

தமிழ் இலக்கியம் கற்பிப்பவர் வாத்துச் சித்திரக்கதைகளைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஒரு மொழியின் காப்பியங்கள் பாடப்புத்தகத்திற்கு வெளியே எப்படி உயிர்வாழ்கின்றன என்ற கேள்விதான் என்னை இந்த வாத்துகளிடம் கொண்டுசேர்த்தது. தேடத் தொடங்கிய பின்னர் தெரிந்தது: இத்தாலியில் தாந்தேயும் அரியோஸ்தோவும் மன்ஜோனியும் பல தலைமுறைச் சிறுவர்களின் கைக்கு, பள்ளிக்கூடத்துக்கு முன்னரே, ஒரு வார இதழின் வழியாக வந்து சேர்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கொண்டுவந்தவை ஒரு சுண்டெலியும் ஒரு வாத்தும்.

டொனால்ட் டக் 1934-இல் ஓர் அமெரிக்கக் குறும்படத்தில் பிறந்தது. இத்தாலிய மொழியில் அதன் பெயர் பாபெரீனோ. மிக்கி மவுஸின் பெயர் டோபோலீனோ. அப்பெயரிலேயே ஓர் இதழ், 1932 டிசம்பர் 31 அன்று ஃப்ளாரன்ஸ் நகரில் நெர்பீனி என்ற பதிப்பாளரால் தொடங்கப்பட்டது. 1935-இல் அது மிலான் நகரின் மொந்ததோரி நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1937-இன் இறுதியில் 'பாபெரீனோ' என்ற பெயரில் தனியிதழ் ஒன்றும் வெளிவந்தது. அதில் ஃபெதெரிக்கோ பெத்ரோக்கி எழுதி வரைந்த செவ்வாய்க்கிரகக் கதைதான் இத்தாலியர் ஒருவர் படைத்த முதல் டொனால்ட் கதை.

அவை முசோலினியின் ஆண்டுகள். 1938-இல் அரசு அமெரிக்கச் சித்திரக்கதைகளுக்குத் தடை விதித்தபோது டிஸ்னி பாத்திரங்களுக்கு மட்டும் விலக்களித்தது. அந்தச் சலுகையும் நீடிக்கவில்லை. அமெரிக்கா போரில் இறங்கிய பின், 1942-இல், இதழின் பக்கங்களிலிருந்து சுண்டெலி அகற்றப்பட்டு அதன் இடத்தில் டுஃபோலீனோ என்ற மனிதச் சிறுவன் அமர்த்தப்பட்டான். அவனை வரைந்தவர் பியெர் லொரென்ஸோ தெ வீத்தா. இதே தெ வீத்தாதான் பின்னாளில், வாத்துகள் திரும்பி வந்தபோது, அவற்றின் முக்கியமான ஓவியர்களுள் ஒருவரானார். பெத்ரோக்கிக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 1945 ஜனவரியில் அவர் பயணம் செய்த இரயில்மீது நேசநாட்டு விமானங்கள் சுட்டதில் அவர் இறந்தார். அமெரிக்க வாத்துக்கு இத்தாலிய உயிர் கொடுத்த முதல் மனிதர், அமெரிக்கா சேர்ந்திருந்த அணியின் குண்டுகளுக்கே பலியானார் என்பதை வரலாற்றின் கொடிய முரண் என்றுதான் சொல்லவேண்டும்.

*

போருக்குப் பின், 1949 ஏப்ரலில், டோபோலீனோ கையடக்கமான புத்தக வடிவத்துக்கு மாறியது. ஆசிரியர் மரியோ ஜென்டிலீனி. சிறிய பக்கத்தில் ஆறு கட்டங்கள் மட்டுமே கொள்ளும் என்பதால் கதைகள் முப்பது, நாற்பது பக்கங்களுக்கு நீண்டன. அமெரிக்காவிலிருந்து வந்த கதைகள் போதவில்லை. சொந்தமாக எழுதிக்கொள்ளவேண்டிய தேவை எழுந்தது. பத்திரிகை நடைமுறை சார்ந்த இந்தச் சின்னத் தேவையிலிருந்துதான் ஒரு முழு மரபு பிறந்தது.

அம்மரபின் தலைமகன் குயிதோ மார்ட்டினா (1906-1991). இலக்கியம் கற்றவர், 'பேராசிரியர்' என்றே சக படைப்பாளிகளால் அழைக்கப்பட்டவர். 1949 அக்டோபர் முதல் 1950 மார்ச் வரை ஆறு இதழ்களில் அவர் எழுத, ஆஞ்செலோ பியொலெத்தோ வரைந்த 'டோபோலீனோவின் நரகம்', தாந்தேயின் நரக காண்டத்தைப் பகடி செய்தது. மிக்கி தாந்தேயாகவும் கூஃபி வெர்ஜிலாகவும் நரகத்துக்குள் இறங்குகிறார்கள். இதில் என்னை வியக்கவைத்தது, ஒவ்வொரு கட்டத்தின் கீழும் மார்ட்டினா செய்யுள் எழுதியிருப்பதுதான். அதுவும் தாந்தேயின் அதே யாப்பில். மூன்றடிக் கண்ணியின் நடுவடி, அடுத்த கண்ணியின் இயைபைத் தீர்மானிக்கும் சங்கிலி யாப்பு அது. நம் அந்தாதியைப் போல ஒன்றின் கைபற்றி இன்னொன்று நடப்பது. சிறுவர் இதழ் ஒன்றில் ஆறு மாதம் இந்த யாப்பைக் குலையாமல் நடத்திச் செல்வது விளையாட்டுக் காரியமன்று.

அதன்பின் வாத்துகளின் முறை. டொனால்ட், 1956-இல் தான் கிஹோத்தெ ஆனான். இலியத்தும் ஒடிசியும் மூன்று மஸ்கட்டியர்களும் வாத்துக் கதைகளாயின. 1966-இல் லூச்சானோ பொத்தாரோ அரியோஸ்தோவின் பெருங்காவியத்தை எடுத்துக்கொண்டு, காதலால் பித்துப்பிடித்த ஒர்லாந்தோவின் இடத்தில் டொனால்டை நிறுத்தினார். 1976-இல் எதோவார்தோ செகன்டீனி எழுத, ஜூலியோ கியெர்கீனி வரைந்த 'நிச்சயிக்கப்பட்ட வாத்துகள்' வெளிவந்தது. மன்ஜோனியின் 'நிச்சயிக்கப்பட்டவர்கள்' நாவல் இத்தாலியப் பள்ளிகளில் தவறாது கற்பிக்கப்படுவது. அதில் ஏழைக் காதலர் இருவரின் திருமணத்தை, பெண்ணின் மேல் கண்வைத்த ஒரு குறுநிலப் பிரபு தடுக்கிறான். சித்திரக்கதையில் அந்தப் பிரபு கஞ்ச மாமன் ஸ்க்ரூஜ். அவனுக்குக் காதலும் இல்லை, காமமும் இல்லை. தன்னைத் துரத்தும் பெண்மணி ஒருத்தியிடமிருந்து தப்பித்தால் போதும். அதற்காக அவளை டொனால்டின் தலையில் கட்டப் பார்க்கிறான். மூலத்தின் ஆசை இங்கே அச்சமாகத் தலைகீழாகிறது. இந்த ஒரு திருப்பத்தை நுகர்வதற்கே வாசகனுக்கு மூலநூல் தெரிந்திருக்கவேண்டும். எல்லோரும் அறிந்த நூலைத்தான் பகடி செய்ய இயலும். ஒரு காப்பியம் பகடிக்கு உள்ளாகிறது என்றால், அது இன்னும் மக்களிடம் இருக்கிறது என்று பொருள்.

*

ஆனால் இத்தாலிய வாத்தின் தனித்தன்மை காப்பியப் பகடியோடு முடிந்துவிடவில்லை. ஸ்க்ரூஜ் மாமனை 1947-இல் உருவாக்கியவர் அமெரிக்கரான கார்ல் பார்க்ஸ். அவருடைய ஸ்க்ரூஜ் கஞ்சன்தான் என்றாலும் உழைத்துச் சேர்த்தவன். ஒவ்வொரு நாணயத்துக்கும் அவனிடம் ஒரு நினைவு உண்டு. மார்ட்டினாவின் ஸ்க்ரூஜிடம் அந்த ஈரம் இல்லை. தன் சகோதரியின் மகனையே கடனைக் காட்டி மிரட்டிக் கூலியின்றி வேலை வாங்குகிறான், ஏமாற்றுகிறான், அடிக்கவும் தயங்குவதில்லை. வறுமையும் கடனும் அவமானமும் அங்கே நகைச்சுவையின் பின்புலமாக அல்லாமல் கதையின் மையமாகவே நிற்கின்றன.

இந்த அவமானம் ஒரு நாள் வெடித்தது. டொனால்ட் எப்போதும் தோற்பதைப் பொறுக்காத வாசகர்களின் கடிதங்கள் இதழுக்கு வந்துகொண்டிருந்தன. இதழாசிரியர் குழுவிலிருந்த எலிசா பென்னாவின் யோசனையின் பேரில் மார்ட்டினா எழுத, ஜொவான் பத்திஸ்தா கார்ப்பி வரைந்த 'பாபெரீனிக்' 1969 ஜூனில், 706, 707 ஆகிய இரு இதழ்களில் வெளியானது. இத்தாலியில் 1962 முதல் புகழ்பெற்றிருந்த 'டயபாலிக்' என்ற முகமூடித் திருடனின் சாயல் அதன் பெயரிலேயே உண்டு. அதிர்ஷ்டக்கார உறவினன் கிளாட்ஸ்டோனுக்கு வரவேண்டிய கடிதம் தவறுதலாக டொனால்டின் கைக்கு வர, பாழடைந்த மாளிகை ஒன்று அவனுக்குக் கிடைக்கிறது. அங்கே ஃபேன்டோமியஸ் என்னும் பழங்காலக் கனவான் திருடனின் நாட்குறிப்பும் உடையும் கருவிகளும் அகப்படுகின்றன. அவற்றை அணிந்துகொண்டு, மாமன் படுத்துறங்கும் பணம் திணித்த மெத்தையைத் திருடுகிறான் டொனால்ட். பழி கிளாட்ஸ்டோன்மேல் விழுகிறது.

இக்கதையை முதன்முறை படித்தபோது எனக்கு ஏற்பட்டது சிரிப்பன்று, ஒரு சங்கடமான மகிழ்ச்சி. இங்கே நீதி இல்லை. பழி மட்டுமே உண்டு. திருடியவன் திருந்தவில்லை, தண்டிக்கப்படவுமில்லை. கார்ப்பியின் இருள் தோய்ந்த கட்டங்களில் அந்த முகமூடிக்குப் பின்னால் தெரியும் கண்கள் நாம் அறிந்த கோமாளியின் கண்கள் அல்ல. அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் வட இத்தாலியின் தொழிற்சாலைகள் வேலைநிறுத்தங்களால் கொந்தளித்தன என்பதையும் நினைவில் கொள்ளலாம். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பது மிகை. எனினும் எப்போதும் தோற்பவன் எதற்காகப் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்ற கேள்வி அன்றைய காற்றில் இருந்தது.

அந்தக் கேள்வியை நெடுநாள் அப்படியே விட்டுவைக்கவில்லை. அடுத்தடுத்த கதைகளில் பாபெரீனிக் பழிதீர்ப்பவன் என்ற நிலையிலிருந்து நகர்ந்து, நகரைக் காக்கும் வீரனானான். 1996-இல் தொடங்கிய புதிய வரிசையில் வேற்றுக்கிரகத்தாரோடு போரிடும் நவீன நாயகனாகவும் மாறினான். அவற்றில் தேர்ந்த படைப்புகள் உண்டு. ஆயினும் முதல் கதையின் அறமற்ற நேர்மை அவற்றில் இல்லை என்பதே என் கருத்து.

இம்மரபில் மார்ட்டினாவின் கசப்புக்கு எதிர்முனையில் நின்றவர் வெனிஸ் நகரின் ரொமானோ ஸ்கார்ப்பா (1927-2005). பார்க்ஸின் உண்மையான இத்தாலிய வாரிசு இவரே. ஸ்க்ரூஜைக் காதலிக்கும் பிரிஜித்தாவை 1960-இல் படைத்தவர் இவர்தான். காசைத் தவிர எதையும் தொடாத அந்த இதயத்தைத் தட்டிப் பார்க்க ஒரு பெண்ணை அனுப்பினார். குறைகளையும் சொல்லவேண்டும். இக்கதைகளில் பெண்கள் பெரும்பாலும் காதலிக்கவும் கோபிக்கவும் மட்டுமே வருகிறார்கள். தொலைதேசத்து மக்கள் வரும் பழைய கதைகளில் இழிவான இனச்சித்திரிப்புகள் உண்டு. அவற்றை அக்காலத்தின் பெயரால் மன்னித்துவிட முடியாது.

*

1971-இல் சிலியில் ஏரியல் டோர்ஃப்மனும் அர்மான் மட்டெலார்ட்டும் எழுதிய புகழ்பெற்ற நூல், டொனால்ட் டக் கதைகளை ஏகாதிபத்தியக் கருத்தியலின் கருவியாக வாசித்தது. நம் சிற்றிதழ் வாசகர்களில் பலர் அதை அறிந்திருக்கலாம். அவ்வாசிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் இத்தாலிய அனுபவம் அதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. வெளியிலிருந்து வந்த ஒரு வடிவத்துக்குள் ஒரு சமூகம் தன் காப்பியத்தையும் கோபத்தையும் ஊற்றிவிட்டால், அவ்வடிவம் யாருடையது?

சட்டப்படி அதற்கு விடை எளிது. பல பத்தாண்டுகள் இக்கதைகளின் மேல் இருந்த ஒரே பெயர் வால்ட் டிஸ்னி. சிறுவர்கள் கோடுகளை வைத்தே ஓவியர்களை அடையாளம் கண்டார்கள். இது கார்ப்பியின் வாத்து, இது ஸ்கார்ப்பாவின் வாத்து என்று பெயர் தெரியாமலே பிரித்தறிந்தார்கள். ஆய்வாளர்களும் ரசிகர்களும் பழைய இதழ்களைப் புரட்டி ஒவ்வொரு கதைக்கும் உரியவரைக் கண்டறிந்து பட்டியலிட்டது பின்னாளில் நடந்த பெரும்பணி. 2018 முதல் அமெரிக்காவின் ஃபேன்டாகிராஃபிக்ஸ் பதிப்பகம் வெளியிட்ட 'டிஸ்னி மாஸ்டர்ஸ்' வரிசையில் ஸ்கார்ப்பா, பொத்தாரோ போன்றவர்களின் பெயர்கள் அட்டையிலேயே இடம்பெற்றன. எனக்கு இக்கதைகளில் சில வாசிக்கக் கிடைத்ததும் ஆங்கிலத்தின் வழியாகத்தான்.

தனிப்பாடல்களின் கீழ் 'ஆசிரியர் பெயர் தெரியவில்லை' என்ற குறிப்பைப் பலமுறை வகுப்பில் வாசித்துக் கடந்திருக்கிறேன். இப்போது அந்த வரி வரும்போது சற்று நிற்கிறேன். தாந்தேயின் யாப்பை ஆறு மாதம் சுமந்த அந்தப் பேராசிரியர் நினைவுக்கு வருகிறார்.